நாற்பத்தொரு காதுகளுக்கு ஒரு முகவரி

ரூபாவதியிடம் ஒரு பொய்யை விற்பது கடினம். ஓர் உண்மையை விற்பது அதைவிடக் கடினம். காலையில் வந்து உட்கார்ந்து முதல் விண்ணப்பத்தைத் திறக்கும்போதே, "இவன் எதுக்கு இப்ப இதக் கேக்குறான்?" என்றுதான் ஆரம்பிப்பாள். எதிரே இருப்பவர் துணைவேந்தராக இருந்தாலும் சரி, நோய்ப்படுக்கையில் இருக்கும் விஞ்ஞானியாக இருந்தாலும் சரி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவள் கட்டைவிரல் ரேகை விழாது.

அன்றைக்குக் காலையிலும் ஒருவர் போனில் மாட்டிக்கொண்டார். மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பதிவாளர்.

"மேடம், எங்க காலேஜ் பேர அந்தப் பேப்பர்லேருந்து எடுத்துடுங்க. அத எழுதினவர் எங்ககிட்ட வேலையே பாக்கல."

"பாக்கலையா? 2029ல அவருக்குப் பொன்னாடை போத்தி வாசல்ல ஒரு போஸ்டர் ஒட்டினீங்களே சார். அது என்கிட்ட பத்திரமா இருக்கு."

"போஸ்டர்ல இருக்குறவங்க எல்லாம் வேலை பாத்தவங்களா மேடம்?"

"இல்லாட்டி அத அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப அந்த மருந்து சாப்பிட்டவங்களுக்குக் கிட்னி கெட்டுப்போன பிறகு சொன்னா எப்படி?"

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த மேசையிலிருந்த பிரிவுத் தலைவர் ஜாஹிர் உசேன் சிரித்தார். "முன்னெல்லாம் எங்க பேரப் போடு, எங்க பேரப் போடுன்னு அடிச்சுக்குவாங்க. இப்ப எடு எடுன்னு காலைப் புடிக்கிறாங்க. என்ன காலம் பாருங்க."

காலம் மாறியதற்குக் காரணம் ஒரு சட்டம். ஆய்வுக் கட்டுரையில் எழுதியவர் பெயருக்குக் கீழே, அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சுத் தொழிலில் அதை அஃபிலியேஷன் என்பார்கள். படிக்கிறவன் கண் அதில் நின்றதே கிடையாது. 2039இல் வந்த ஆய்வுப் பொறுப்புச் சட்டம் அந்த வரியைத் தூக்கிப் பிடித்தது. எந்த நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கிறதோ, அந்த ஆய்வில் உடம்பைக் கொடுத்தவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. அவ்வளவுதான், நாட்டில் உள்ள கல்லூரி எல்லாவற்றுக்கும் திடீரென்று பழைய கட்டுரைகளில் பிழை இருப்பது ஞாபகம் வந்தது.

பெருங்குடியில் ரூபாவதி இருக்கும் பதிப்புச் சேவை நிறுவனத்தில் ஒரு காலத்தில் அறுநூறு பேர் வேலை பார்த்தார்கள். அச்சுக்கோப்பு, மெய்ப்பு, மேற்கோள் சரிபார்ப்பு எல்லாம் இயந்திரத்திடம் போய், இப்போது மிச்சம் பதினோரு பேர். வெளிவந்துவிட்ட கட்டுரையில் அந்த ஒரு வரியை மாற்ற மட்டும் மனிதக் கட்டைவிரல் வேண்டும் என்று சட்டம் சொன்னது. 'தராசு' என்ற மென்பொருள் பழைய மின்கட்டணம், கதவுப் பதிவு, கருவிகளின் கணக்கு என்று எதையெதையோ தோண்டி, கேட்கப்படும் திருத்தம் எத்தனை சதவீதம் உண்மை என்று சொல்லும். அதற்குமேல் ரூபாவதி போன்ற ஒருத்தி ரேகை வைக்க வேண்டும்.

அந்த விண்ணப்பம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. 2031ஆம் வருடக் கட்டுரை. காது கேளாத நாற்பத்தொரு குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டி வளரும் ஒரு மின்னணுச் சில்லைப் பதித்து, கேட்க வைத்த ஆய்வு. எழுதியவர் டாக்டர் கோமதிநாயகம். அவர் பெயருக்குக் கீழே இருந்தது சென்னையின் பெரிய ஆராய்ச்சி நிறுவனமான நீலாழி உயிர்ப்பொறியியல் மையம். அதை எடுத்துவிட்டு, கோவில்பட்டிப் பக்கம் இருந்த இருளப்பசாமி பொறியியல் கல்லூரி என்று போட வேண்டுமாம். கேட்டிருப்பவரும் கோமதிநாயகமேதான்.

ரூபாவதி அந்தக் கல்லூரியைத் தேடினாள். இழுத்து மூடி எட்டு வருடம் ஆகிறது. இப்போது அந்த இடத்தில் சோலார் தகடு நிற்கிறது.

"பாருங்க அநியாயத்த," என்றாள் ஜாஹிரிடம். "அந்தச் சில்லுக்கு மாசா மாசம் நீலாழியிலேருந்து ஒரு சிக்னல் போகணும். போனாத்தான் காது கேக்கும். ஆறு வாரம் போகலன்னா சில்லு செத்துரும், மறுபடி உயிர் வராது. பொறுப்ப செத்துப்போன காலேஜ் தலையில கட்டிட்டா, சிக்னல் அனுப்ப ஆளே இல்ல. நாப்பத்தொரு பேரும் செவிடு."

"தராசு என்ன சொல்லுது?"

"தொண்ணூத்தேழு சதவீதம் உண்மைன்னு."

"அப்புறம் என்ன மேடம்? வச்சுட்டுப் போங்க ரேகைய."

"எழுபது, எண்பதுன்னு வந்தா நம்பலாம். பதிமூணு வருசத்துக்கு முந்தின விஷயத்துல தொண்ணூத்தேழு வந்தா, யாரோ உக்காந்து சாட்சி தயார் பண்ணியிருக்காங்க."

ஜாஹிர் தலையில் அடித்துக்கொண்டார். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் கெடு. அதற்குள் ரேகை விழாவிட்டால் தள்ளுபடி, திரும்ப அதே கோரிக்கையைக் கொண்டுவர முடியாது. சும்மா இருந்தாலே போதும், நாற்பத்தொரு பேரும் தப்பித்தார்கள் என்று ரூபாவதிக்குத் தோன்றியது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. விண்ணப்பத்தின் பிரதி ஒன்று நீலாழிக்கும் போயிருக்கும். வழக்கமாகப் பொறுப்பைக் கழற்ற நினைக்கும் நிறுவனம் நாளைக்கு நாலு தடவை கூப்பிடும், வக்கீலை அனுப்பும், மேலிடத்தில் பேசும். நீலாழியிலிருந்து ஏழு நாளாக ஒரு போன் இல்லை, ஒரு மெயில் இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

எட்டாம் நாள் கோமதிநாயகத்தை வீடியோவில் பிடித்தாள். எழுபதைத் தொடும் ஒல்லியான மனிதர். சங்கரன்கோவிலில் தனியாக இருக்கிறார்.

"சார், நேரா கேக்குறேன். நீலாழிக்காரங்க உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. "ஒண்ணுந் தரலம்மா. நான் கேட்டது உண்மை. அத மட்டும் பாருங்க."

"உண்மைன்னா ஏன் இத்தனை வருசம் சும்மா இருந்தீங்க?"

"அத போன்ல சொல்ல முடியாது. நேர்ல வாரியளா?"

திருட்டு வேலை நடக்கிறது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். முகத்துக்கு நேராகக் கேட்டால்தான் மனசு ஆறும் என்று, அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ரயிலேறினாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

"வந்துட்டியளா? உள்ள வாங்க. சாப்ட்டியளா?" என்றார் அவர்.

"சாப்பாடு இருக்கட்டும் சார். வேலை எங்க நடந்துச்சு?"

"கோவில்பட்டிக் காலேஜ்லதான். ஆறு வருசம் அங்கதான் கிடந்தேன். வேலை முடிஞ்சு, கட்டுரைய அனுப்புன பிறகுதான் நீலாழியில சேந்தேன். வேலை செஞ்ச இடம் கோவில்பட்டி, இப்ப இருக்கிற இடம் நீலாழின்னு ரெண்டையுந் தெளிவா எழுதித்தான் அனுப்புனேன். அச்சுல வரும்போது கோவில்பட்டியக் காணோம்."

"அச்சுக்கு முன்னால சரிபார்க்க ப்ரூஃப் வந்திருக்குமே? அப்ப பாக்கலையா?"

"பாத்தேன். திருத்தியும் அனுப்புனேன். திருத்தக் குடுத்த நாப்பத்தெட்டு மணி நேரம் தாண்டிட்டு, இனி மாத்த முடியாதுன்னு பதில் வந்துச்சு. சரி, யாரு இத வாசிக்கப் போறான்னு விட்டுட்டேன்."

உள்ளே போய் ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார். அந்த ப்ரூஃபின் அச்சுப் பிரதி. சிவப்பு மையில் அவர் போட்ட திருத்தம் அப்படியே இருந்தது. ரூபாவதி வழக்கம்போலக் காகிதத்தின் மூலை முடுக்கெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தாள். அடிப்பக்கத்தில், அச்சுக்கோத்தவரின் குறியீடு இருந்தது. ஆர்வி பதினேழு.

அந்தக் குறியீடு அவளுடையது.

அந்த நாட்கள் அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தன. ஒரு நாளைக்கு நாற்பது கட்டுரை முடித்தாக வேண்டும். நிறுவனத்தின் பெயரைக் கையால் அடிக்கக் கூடாது, திரையில் இறங்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சின்ன ஊர்க் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இருக்காது. சேர்ப்பதற்குத் தனியாக ஒரு படிவம் நிரப்பி மேலே அனுப்பினால், வந்து சேர இரண்டு நாளாகும். அதுவரை கட்டுரை அவள் கணக்கில் தேங்கி நிற்கும், சாயங்காலம் மேலாளர் வந்து கத்துவார். அதனால் எழுதியவருக்கு இரண்டு முகவரி இருந்தால், பட்டியலில் இருப்பதை வைத்துக்கொண்டு இல்லாததைத் தூக்கிவிடுவார்கள். அந்த மாடியில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"இது நான் பண்ணின தப்பு சார்," என்றாள். இத்தனை வருடமாக ஊரில் உள்ள பொய்யையெல்லாம் துரத்தியவள், தன் கையாலேயே ஒன்றைச் செய்து அச்சில் ஏற்றியிருந்தாள் என்பதில் அவளுக்கு அவமானமாக இருந்தது.

"நல்லதுதான் பண்ணியிருக்கிய," என்றார் கோமதிநாயகம். "உங்க தப்பாலதான் அந்தப் பிள்ளைகளுக்கு இத்தனை வருசம் காது கேட்டுச்சு. வேலை நடந்த இடம்னு காலேஜ் பேரு இருந்திருந்தா, பொறுப்பு அதுக்குத்தான்னு சட்டம் வந்த அன்னைக்கே நீலாழி கையக் கழுவியிருக்கும்."

"அப்ப விட்டுட வேண்டியதுதானே சார்? இப்ப எதுக்குத் திருத்தணும்? எல்லாரும் பொறுப்ப உதறுறாங்க. நீலாழி மட்டும் வாயத் தொறக்காம சிக்னல் அனுப்பிட்டு இருக்கு."

"அதத்தான் நீங்க சந்தேகப்பட்டிருக்கணும். எல்லாருக்கும் பாரமா இருக்கிறது அவியளுக்கு மட்டும் ஏன் பாரமா இல்ல?"

ரூபாவதி கையிலிருந்த ப்ரூஃபைக் கீழே வைத்தாள்.

"சிக்னல் போகுதுல்லா, அதே வழியில திரும்பியும் வருது. அந்தப் பிள்ளைகள் காதுல விழுற சத்தம் பூரா நீலாழிக்குப் போகுது. வீட்ல பேசுறது, சண்டை போடுறது, அழுறது எல்லாம். நாப்பத்தொரு வீட்டுக்குள்ள ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருக்காவ. மனுசன் எப்படிப் பேசுதான்னு மெஷினுக்குப் பழக்க அவியளுக்கு இது தங்கச் சுரங்கம். ஒரு பையன் வேலைய விடப்போறேன்னு அவன் அம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கான். அடுத்த மாசம் நீலாழிக்குச் சோதனைக்குப் போனப்ப, புது வேலை எப்படி இருக்குன்னு டாக்டர் கேக்குறாரு. அப்படித்தான் வெளிய வந்துச்சு."

"போலீஸுக்குப் போகலாமே?"

"அந்தக் காலத்துல அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட சம்மதத் தாள்ல, பொறுப்புள்ள நிறுவனம் சில்லைக் கண்காணிக்கலாம்னு ஒரு வரி இருக்கு. சட்டப்படி குத்தமில்ல. சில்லை வெளிய எடுக்கவும் முடியாது, எலும்பு மூடிட்டு. நீலாழிதான் பொறுப்புங்கிறது போனாத்தான் இது நிக்கும். அதுக்கு ஒரே வழி அந்த வரியத் திருத்துறதுதான்."

"அப்ப நீலாழி ஏன் எங்கிட்ட ஆட்சேபம் சொல்லல?"

"சொன்னா ஏன்னு கேப்பிய. உங்களப் பத்தி விசாரிச்சிருப்பாவ. லேசுல ரேகை வைக்க மாட்டா, பத்து நாளைச் சும்மா கடத்திருவான்னு தெரிஞ்சிருக்கும்."

தன் சந்தேகத்தை வேறொருவன் கருவியாக எடுத்து வைத்துக்கொண்டான் என்பது ரூபாவதிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பழகிய புத்தி விடவில்லை. "நீங்க சொல்றதெல்லாம் நிஜமாவே இருக்கட்டும். காது போகப் போறது உங்களுக்கு இல்லையே. அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"நான் பதில் சொன்னா நம்புவியளா? நீங்களே போய்க் கேளுங்க. ஷைனின்னு ஒரு பிள்ளை, கோவில்பட்டி எட்டயபுரம் மினி பஸ்ல கண்டக்டரா இருக்கு. நோட்டும் பேனாவும் எடுத்துக்கிடுங்க. வாயத் திறந்து மட்டும் கேட்றாதிய."

கோவில்பட்டி பஸ் நிலையத்தில் மதியம் ஒன்றரை மணி வண்டியில் ரூபாவதி ஏறினாள். ஷைனிக்கு இருபத்திரண்டு வயது. காதோரம் முடியை இழுத்துச் செருகி, வாயில் விசிலைக் கடித்துக்கொண்டு, பேருந்தின் நெரிசலுக்குள் புகுந்து புறப்படும் பெண். "உள்ள போங்கண்ணே, உள்ள போங்க, பின்னால எடம் கிடக்கு" என்று அவள் போட்ட சத்தத்தில் ரூபாவதிக்கே காது அடைத்தது.

டிக்கெட் வாங்க வந்தபோது ரூபாவதி நோட்டைத் திறந்து காட்டினாள். கோமதிநாயகம் சார் அனுப்பினார், திருத்தம் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது.

ஷைனி அதைப் படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "எட்டயபுரமாக்கா? சில்லறையா குடுங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே, பேனாவை வாங்கி எழுதினாள்.

'தெரியும். நாங்கதான் சாரை எழுதச் சொன்னோம்.'

ரூபாவதி அதையே இரண்டு முறை படித்தாள். 'காது போயிடும்' என்று எழுதினாள்.

'ஆறு வாரத்துல. தெரியும்.'

"ஊர்ல விசேஷமாக்கா?" என்றாள் ஷைனி வாயால்.

"ஆமாம்மா. சும்மா, சொந்தக்காரங்களப் பாக்க," என்றாள் ரூபாவதி. எங்கோ ஓர் அறையில் இந்தப் பதில் பதிவாகிறது என்று நினைத்ததும் உடம்பு கூசியது. பிறகு எழுதினாள்: 'எல்லாரும் சம்மதமா?'

ஷைனி பின்பக்கம் போய் நான்கு பேருக்குச் சீட்டுக் கொடுத்தாள். ஒரு நிறுத்தத்தில் விசிலடித்து வண்டியை நிறுத்தி, ஒரு மூட்டையை இறக்க உதவி செய்தாள். திரும்பி வந்து நின்றபடியே எழுதினாள்.

'கையால பேசி ஓட்டுப் போட்டோம். நாப்பது பேர் வேணும்னாங்க. ஒரு ஆள் வேணாம்னு சொன்னாங்க.'

ரூபாவதிக்கு அப்பாடா என்றிருந்தது. ஒருவர் மறுத்தாலும் காரணம் காட்டித் தள்ளுபடி செய்யலாம். 'யார் அந்த ஆள்?' என்று வேகமாக எழுதினாள்.

ஷைனி விசிலை ஒரு முறை ஊதினாள். வண்டி கிளம்பியது. குனிந்து ஒரே ஒரு சொல் எழுதினாள்.

'நான்.'

ரூபாவதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'அப்படின்னா நான் ரேகை வைக்க மாட்டேன்' என்று எழுதினாள். ஷைனி நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். இந்த முறை பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி ஓடியது.

'ரெண்டு வருசமா நாப்பது பேரும் சொந்த வீட்டுக்குள்ள வாயத் தொறக்கல. ஒரு அக்கா கைப்பிள்ளையத் தாலாட்டுறதுகூட இல்ல. எனக்கு பஸ் சத்தம் பிடிக்கும்ங்கிறதுக்காக அவங்க அப்படியே கிடக்கணுமா? வைங்க.'

நாளையோடு கெடு முடிகிறது. நாளை வரை காத்திருந்தால் தனக்கு மனசு வராது என்று ரூபாவதிக்குத் தெரியும். கைப்பேசியை எடுத்தாள். விண்ணப்பம் திறந்தது. பிழை யாருடையது என்று ஒரு கட்டம் கேட்டது. எழுதியவர், அல்லது பதிப்பித்தவர். பதிப்பித்தவர் என்பதைத் தொட்டு, பக்கத்தில் ஆர்வி பதினேழு என்று சேர்த்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று கட்டைவிரலை வைத்தாள்.

திருத்தம் வெளியிடப்பட்டது என்று பச்சை எழுத்து வந்தது. அதை ஷைனியிடம் காட்டினாள். ஷைனி அதைப் படித்துவிட்டு விசிலைப் பைக்குள் போட்டாள். கூட்டம் குறைந்திருந்தது. பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து, நோட்டை மூடி ரூபாவதியின் மடியில் வைத்தாள்.

"அக்கா, இன்னும் அர மணி நேரம் இருக்கு எட்டயபுரத்துக்கு," என்றாள். "ஏதாவது பேசிட்டு வாங்கக்கா."

"என்னம்மா பேச?"

"என்னத்தையாவது. சும்மா பேசுங்க."

கேட்கிறவன் கேட்டுவிட்டுப் போகட்டும். வேலை விஷயம் தவிர முன்பின் தெரியாதவர்களிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசியறியாத ரூபாவதி, பெருங்குடியில் தண்ணி லாரி வராத கதையில் ஆரம்பித்தாள். மேல் வீட்டுக்காரி மாவரைக்கும் சத்தம், ஜாஹிர் டீயில் ஐந்து கரண்டி சர்க்கரை போடுவது, ரயிலில் பக்கத்து ஆள் விட்ட குறட்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். குறட்டையை விட்டும் காட்டினாள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷைனி கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். ரூபாவதிக்குத் தொண்டை கட்டிப்போனது, ஆனாலும் எட்டயபுரம் வரும்வரை அவள் பேச்சை நிறுத்தவில்லை.